வார்ட்: ‘வட்டாரம்’ இருக்க வேறு சொல் எதற்கு?

வார்ட் (பெயர்ச்சொல்): உள்ளூராட்சி சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்வதற்காக வகுக்கப்பட்ட, எல்லையும் இலக்கமும் உள்ள பகுதி. தமிழில்: வட்டாரம்.

கனடியக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்துவிட்டு ஒன்ராறியோவில் முதல் தடவையாக மாநகரசபைத் தேர்தலில் வாக்களிக்கப் போகிறவர், வேட்பாளர்களின் பெயர்களைத் தேடுவதற்கு முன் தன் வார்ட் இலக்கத்தைத் தேட வேண்டும். வாக்குச்சீட்டில் எந்த உறுப்பினர் வேட்பாளர்கள் இருப்பார்கள் என்பது அந்த இலக்கத்தைப் பொறுத்தது.

சொல்லின் வேர் பழைய ஆங்கிலம். அங்கே அதற்குக் ‘காவல்’ என்று பொருள். சிறைக் காவலரான வார்டரும் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வார்டனும் இதன் உறவுகள். பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த, காவலரைக் குறிக்கும் ‘கார்ட்’ (guard) என்பதும் இதே வேர்தான். காவல் முறைக்காகப் பிரித்த நகரப் பகுதிக்கு அந்தப் பெயர் ஏற்பட்டு, பிறகு பிரதிநிதியை அனுப்பும் பகுதிக்கும் அதுவே நிலைத்தது. பழைய லண்டன் சிற்றியில் இன்றும் 25 வார்ட்டுகள் உள்ளன. ரொறன்ரோவிலும் 25. ஆனால் இங்கே அந்த எண்ணிக்கை பழைமையானதல்ல. முன்பு 44 இருந்தன, 47 ஆக்கும் ஏற்பாடும் நடந்தது. 2018இல் தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருந்தபோதே மாகாண அரசு சட்டம் இயற்றி 25 ஆகக் குறைத்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2021இல் கனடிய உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசாணைகளிலும் ‘வார்டு’ என்றே எழுதுகிறார்கள். சென்னையில் ‘கோட்டம்’ என்றும் கட்சிக்காரர்கள் பேச்சில் ‘வட்டம்’ என்றும் வழக்கு உண்டு. ஆனால் அங்கே வட்டம் என்றால் தாலுகா, கோட்டம் என்றால் வருவாய்க் கோட்டம், வட்டாரம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரின் ஆட்சிப் பகுதி. மூன்று சொல்லுக்கும் வேறு வேலை ஏற்கெனவே இருப்பதால் ‘வார்டு’ அசையாமல் நிற்கிறது.

இலங்கையில் அந்த நெருக்கடி இல்லை. ‘புங்குடுதீவு 8ஆம் வட்டாரம்’ என்று மரண அறிவித்தலில்கூடப் படிக்கிறோமே, அந்த வட்டாரம் வார்ட்தான். விகிதாசார முறை வந்தபோது உள்ளூராட்சித் தேர்தலில் வட்டாரத்துக்கு இடமில்லாமல் போயிற்று. விலாசத்தில் மட்டும் அது உயிரோடு இருந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலில் நூற்றுக்கு அறுபது உறுப்பினர் வட்டாரம் வழியாகத் தெரிவாகும் கலப்பு முறையோடு திரும்பி வந்தது. சட்டத்திலும் சனங்களின் வாயிலும் ஒரே பொருளில் வாழும் சொல் கிடைப்பது அரிது. கனடாத் தமிழர் அதைக் கைவிடக் காரணமே இல்லை.

இதைவிடவும் பழைய சொல் ஒன்று உண்டு: குடும்பு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊரை 30 குடும்புகளாகக் காட்டுகின்றன. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலையும் பூட்டிக் குடத்தில் இடுவார்கள். அது வாக்கெடுப்பு அல்ல, திருவுளச்சீட்டு முறை. என்றாலும் ஆளைக் குடியிருக்கும் பகுதியோடு கட்டிவைக்கும் எண்ணம் ஒன்றுதான். இன்று ‘குடும்பு’ என்றால் குடும்பம் என்றே காதில் விழும், ஆகவே அதை மீட்பது பயன் தராது.

‘தொகுதி’ என்று எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். அது நாடாளுமன்றத்துக்கும் மாகாண சபைக்கும் உரியது. ரொறன்ரோவின் 25 வட்டாரங்களும் அன்றிருந்த நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளை வைத்தே வரையப்பட்டதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பழகிவிட்டோம். 2025 நாடாளுமன்றத் தேர்தலில் தொகுதி எல்லைகள் மாறி, நகரத்துக்கு 24 தொகுதிகள் ஆயின. ‘ஸ்காபரோ-ரூஜ் பார்க்’ என்ற பெயரில் இப்போது 25ஆம் வட்டாரம் உண்டு, நாடாளுமன்றத் தொகுதி இல்லை. அந்தத் தேர்தலில் வந்த வாக்காளர் அட்டையைப் பார்த்து வட்டாரத்தை முடிவு செய்தால் பிழையாகிவிடும். மாநகரசபையின் தேடல் பக்கத்தில் வீட்டு விலாசத்தைக் கொடுத்துப் பார்ப்பதே சரி.

ஒன்ராறியோவில் உள்ளூராட்சித் தேர்தல் நான்கு ஆண்டுக்கொரு முறை, ஒக்டோபர் மாத நான்காவது திங்கட்கிழமை. 2026இல் 26ஆம் திகதி. வாக்களிப்பு நாளன்று 18 வயது நிரம்பிய கனடியக் குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தர வதிவுரிமை போதாது. வாக்காளர் இடாப்பை 2024 முதல் மாகாணத் தேர்தல் அமைப்பான எலெக்சன்ஸ் ஒன்ராறியோ பேணுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சேர்க்கலாம், வாக்களிப்பு நிலையத்திலும் அடையாளம் காட்டிச் சேர்க்கலாம்.

அடையாளத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெயரும் விலாசமும் இரண்டும் இருக்கும் ஆவணம் தேவை, படம் தேவையில்லை. புதுக் கடவுச்சீட்டும் குடியுரிமைச் சான்றிதழும் எவ்வளவு பெருமைக்குரியவையானாலும் விலாசத்தைக் காட்டா. சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிக் கூற்று, மின்கட்டணப் பட்டியல் போன்றவை உதவும். வீடு மாறியும் அனுமதிப்பத்திரத்தில் விலாசத்தை மாற்றாதவரை அது பழைய வட்டாரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஊரில் கட்சிச் சின்னத்தைப் பார்த்துப் புள்ளடி போட்டுப் பழகிய கைக்கு இரண்டு வேறுபாடுகள் புதிது. ஒன்ராறியோ உள்ளூராட்சி வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. 2023 ரொறன்ரோ மேயர் இடைத்தேர்தலில் 102 பேர் போட்டியிட்டார்கள். தெரிந்த பெயரை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகாவிட்டால் பட்டியலில் தேடிக் களைக்க வேண்டியதுதான். அடுத்தது, ரொறன்ரோவில் சீட்டை எண்ணுவது இயந்திரம். பெயருக்கு நேரே உள்ள நீள்வட்டத்தை முழுவதும் நிரப்ப வேண்டும். சிறு புள்ளடி அதன் கண்ணில் படாமல் போகலாம்.

ஒரே ஊரில் இரண்டு வட்டாரங்களில் வீடு இருந்தாலும் வாக்கு ஒன்றுதான், அது குடியிருக்கும் வட்டாரத்துக்கே உரியது. வேறு நகரசபை எல்லைக்குள் சொந்த வீடு இருந்தால் அந்தச் சபைக்கும் வாக்களிக்கலாம்.

ரொறன்ரோவுக்கு அடுத்துள்ள மார்க்கம் நகரில் கணக்கு வேறு: மேயர், ஒரு வட்டார உறுப்பினர், அவர்களோடு நகரம் முழுவதுக்குமாக நான்கு பிராந்திய உறுப்பினர்கள் (யோர்க் பிராந்திய சபையிலும் இருப்பவர்கள்). நான்கு பேருக்குக் குறியிடலாம் என்ற இடத்தில் ஐந்து குறியிட்டால் அந்தப் பதவிக்கான வாக்கு செல்லாது. கல்விச்சபைக்கும் தனி வட்டாரங்கள் உண்டு. 2022இல் ரொறன்ரோவின் பொதுக் கல்விச்சபைக்கு 22, கத்தோலிக்கக் கல்விச்சபைக்கு 12. ஆகவே எழுதும்போது ‘25ஆம் வட்டாரம்’ என்று நிறுத்தாமல் ‘மாநகரசபை 25ஆம் வட்டாரம், ஸ்காபரோ-ரூஜ் பார்க்’ என்று முழுதாக எழுதுங்கள்.