தொண்டை கட்டியிருக்கும்போது பாடாதீர்கள்

மார்கழி இசைக் கச்சேரி சீசன் முடிந்துவிட்டது. எத்தனை கச்சேரி, எத்தனை ஒலிப்பதிவு, எந்தெந்த ஊர் என்று இசைக்காரர்கள் வருடக் கணக்கைப் பட்டியல் போடும் நேரம். அந்தப் பட்டியல்களில் வராத ஒன்றைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. இந்த மார்கழியிலும் ஒரு இளம் பாடகி, கம்மிய குரலுக்குக் காலையில் ஊசி போட்டுக்கொண்டு மாலையில் இரண்டரை மணி நேரம் பாடினார். குரலை எழுப்பும் குரல்நாணில் ரத்தக்கசிவு. இப்போது வீட்டில் வாய் திறக்காமல் இருக்கிறார். குரல் இடம் கொடுக்காதபோதும் விடாமல் பாடினார் என்று அன்றைக்குப் பாராட்டியவர்கள் நிறையப் பேர். அந்தப் பாராட்டை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்தக் கட்டுரை.

முதலில் கஷாயத்தைப் பற்றி. ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் கச்சேரிக்கு முன் அறைக்குள் போனால் பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம், தேன் என்று ஒரு நாட்டு மருந்துக் கடையே இருக்கிறது. இவற்றை விழுங்கினால் குரல்நாண் மேல் பட்டு அதைச் சரிசெய்யும் என்று நன்றாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். படாது. ஒரு சொட்டுகூடப் படாது. குரல்நாண்கள் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கின்றன. நாம் விழுங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் உணவுக்குழாயில் போகிறது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே எழும்பி, குரல்வளை மூடி கவிழ்ந்து, குரல்நாண்களும் ஒன்றோடொன்று இறுக மூடிக்கொள்கின்றன. காற்றைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. தப்பித்தவறி ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தப் பக்கம் போய்விட்டால் என்ன ஆகும்? புரையேறும். கண்ணில் நீர் வர இருமுவோம். தேன் உண்மையிலேயே குரல்நாணைத் தொட்டிருந்தால் அடுத்த பத்து நிமிடம் இருமிக்கொண்டுதான் இருப்பீர்கள், கச்சேரியின் முதல் பாட்டான வர்ணத்தைத் தொடங்கமாட்டீர்கள்.

அப்படியானால் குடித்ததும் இதமாக இருக்கிறதே? இருக்கும். நாக்கின் அடிப்பகுதியும் தொண்டையின் பின்சுவரும் நனைகின்றன, உமிழ்நீர் ஊறுகிறது. தேன் இருமலைத் தணிக்கவும் செய்யும். அதற்காகச் சாப்பிடுங்கள், குற்றமில்லை. ஆனால் அந்த இதம் தொண்டையில் ஏற்படுவது. வீங்கிய குரல்நாண் வீங்கியேதான் இருக்கிறது. தொண்டை தேவலை, பாடிவிடலாம் என்று முடிவெடுக்கும் இடம் இதுதான், ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. மெந்தால் மிட்டாய் இன்னும் மோசம். மரத்துப்போன உணர்வைத் தந்து எச்சரிக்கையை மறைத்துவிடும். அதிமதுரத்தை சீசன் முழுக்க வாயில் அடக்கிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க: அதிகமாக, தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும்.

தண்ணீரும் இப்படித்தான். மேடையில் ஃபிளாஸ்கிலிருந்து குடிக்கும் வெந்நீர் வாயை நனைக்கும், அவ்வளவே. குரல்நாணின் ஈரம் உடம்பின் ரத்த ஓட்டம் வழியாகத்தான் வரவேண்டும், அதற்கு மணிக்கணக்கு ஆகும். ஆகவே மாலைக் கச்சேரிக்கு விடிகாலையிலிருந்து குடியுங்கள். நாள் முழுக்க இரண்டு, இரண்டரை லிட்டர். வெளியிலிருந்து குரல்நாணை நேராகப் போய்ச் சேருவது மூச்சோடு போகும் ஈரம் மட்டுமே. ஆவி பிடிப்பது அதனால்தான் உதவுகிறது. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த வெறும் வெந்நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். தைலம் போடாதீர்கள், அது எரிச்சலூட்டும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் முகத்தைக் கவிழ்த்துச் சுட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

குரல்நாண் எவ்வளவு சிறியது என்று தெரிந்தால் இத்தனை அலட்சியம் இருக்காது. பெண்களுக்கு ஏறத்தாழ 12 முதல் 17 மில்லிமீட்டர், ஆண்களுக்கு 17 முதல் 25. ஐந்து கட்டை ஸ்ருதியில் பாடும் ஒருவருக்கு ஆதார ஷட்ஜம் (அடிப்படை ஸ) 196 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 196 அதிர்வு; தார ஷட்ஜம் (மேல் ஸ) 392. ஆக, தார ஷட்ஜத்தில் பத்து வினாடி நின்றால், இரண்டு நாண்களும் 3,920 முறை மோதிப் பிரிகின்றன. அதற்கும் மேலே, தார பஞ்சமத்தில் (மேல் ப) அது வினாடிக்கு 588. நல்ல நிலையில் இருக்கும் குரல்நாணுக்கு இது பெரிய காரியமில்லை. சளிக் காய்ச்சலில் சிவந்து வீங்கிய நாணுக்கு இதே மோதல் காயம். வீக்கத்தால் நாண்கள் சரியாக மூடாமல் காற்று ஒழுகும். ஒழுகுவதை ஈடுகட்ட நாம் இன்னும் அழுத்துவோம். அழுத்த அழுத்த வீக்கம் ஏறும். தொடர்ந்து இப்படியே நடந்தால் குரல்நாணின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், இரண்டு பக்கமும் தடிப்பு உண்டாகிறது. முடிச்சு என்பது அதுதான்.

பாடப் பாடச் சரியாகிவிடும் என்று சொல்லும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். காலையில் எழுந்ததும் இருக்கும் லேசான கம்மல் பாடினால் தெளியும், உண்மை. அது வேறு. நேற்று எட்டிய தார காந்தாரம் (மேல் க) இன்று மெல்லிய குரலில் எட்டவில்லை, உரக்கப் பாடினால்தான் வருகிறது என்றால் அது வீக்கம். இந்தச் சோதனையைத் தினமும் காலையில் செய்து பாருங்கள்: தாரஸ்தாயியில் (மேல் ஸ்தாயியில்) மிக மெல்லிய 'உ' ஒலியில் ஒரு சிறிய ஸ்வரத் தொடர். குரல் தாமதமாகத் தொடங்குகிறதா, நடுவில் காற்று மட்டும் வருகிறதா? அப்படியானால் அன்று பாட்டுப் பயிற்சி வேண்டாம்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், அதனால் குரல் வந்துவிடும். ஆனால் நோய் தீர்ந்திருக்காது, நாண் இன்னும் மோதலைத் தாங்கும் நிலைக்கு வந்திருக்காது. குரல்வளையை எண்டோஸ்கோப் எனும் உள்நோக்குக் கருவியில் பார்க்காமல் கச்சேரிக்காக ஸ்டீராய்டு கேட்பதும் கூடாது, கொடுப்பதும் கூடாது. பார்த்துவிட்டு மருத்துவர் சரி என்றால் அது வேறு விஷயம். வலி மாத்திரைகளில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். நுண்ணிய ரத்தக்குழாய் உடைந்தால் கசிவு பெரிதாகும். பாடும் நாட்களில் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பாராசிட்டமால் போதும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிடக்கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் பெண்களுக்கு இந்த ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். தேதி கொடுக்கும்போது இதையும் பார்த்துக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூக்கடைப்புக்குச் சாப்பிடும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பதோடு தொண்டையையும் உலர்த்திவிடும்.

பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று மாறினால், வலி இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் நிறுத்துங்கள். ரத்தக்கசிவு பெரும்பாலும் வலிக்காது. பல்லவி பாதியில் இருந்தாலும் சரி. வயலின்காரர் வாசிக்கட்டும், மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்தை முன்னதாக விட்டு, மங்களத்தைப் பக்கவாத்தியத்தோடு முடித்துக்கொள்ளலாம். ரசிகர்கள் புரிந்துகொள்வார்கள்.

மேடையில் குரலைக் கெடுப்பதில் முதலிடம் மானிட்டருக்கு, அதாவது பாடுபவர் தம் குரலைக் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஒலிபெருக்கிக்கு. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் இதை 1911-லேயே எழுதி வைத்துவிட்டார். மிருதங்கம் நான்கைந்து அடியில் இருக்கிறது. அது உங்கள் மானிட்டரிலும் வரவேண்டிய அவசியம் என்ன? உங்கள் மானிட்டரில் முதலில் தம்புரா, அதன் மேல் உங்கள் குரல், பிறகு கொஞ்சம் வயலின். அவ்வளவு போதும். கச்சேரி நடுவே குரல் கேட்கவில்லையென்றால் ஏற்றச் சொல்லிக் கைகாட்டாதீர்கள், மற்றதைக் குறைக்கச் சொல்லுங்கள். எல்லோரும் மாறி மாறி ஏற்றச் சொல்லிக்கொண்டே போனால் மூன்றாவது பாட்டுக்குள் மேடை முழுக்க இரைச்சல், நீங்கள் கத்திக்கொண்டிருப்பீர்கள். ஒலிச் சோதனையில் மெல்லிய குரலில் ஸ, ப, ஸ பாடிவிட்டு எழுந்து போவதும் வீண். சோதனையிலேயே நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) பாடும் கனத்தில் தாரஸ்தாயி சங்கதி ஒன்றைப் பக்கவாத்தியங்களோடு சேர்ந்து பாடிப் பாருங்கள். மைக் வாயிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம். ஒரு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு குரலால் ஈடுகட்ட வேண்டாம். ராமநவமிப் பந்தலிலும் கோயில் பிராகாரத்திலும் இது இரண்டு மடங்கு பொருந்தும்.

ஒலிப்பதிவில் கெடுவது வேறு விதம். டிசம்பரில் வெளிப்படும் பழுது பல நேரம் ஜூன், ஜூலையில் ஸ்டுடியோவில் தொடங்கியிருக்கும். எதிரொலி இல்லாத அறையில் நம் குரல் நமக்கே சின்னதாகக் கேட்கும், உடனே அழுத்தத் தொடங்குவோம். ஹெட்ஃபோனில் கொஞ்சம் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனைப் பாதி விலக்கிக்கொண்டால் இயல்பான குரலும் கேட்கும். கண்டென்சர் மைக்குக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் சரி. 24 பிட் டிஜிட்டலில் பதிவு செய்கிறார்கள், பதிவின் ஒலி அளவு உச்சத்திலும் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாவிட்டாலும் தரம் கெடாது. ஆகவே அளவுக்காக உரக்கப் பாடத் தேவையே இல்லை. ஏசியை 24, 25 டிகிரியில் வைத்து, காற்று முகத்தில் அடிக்காமல் திருப்பச் சொல்லுங்கள்.

மூன்று மணி நேர அமர்வென்றால் அதில் பாடும் நேரம் ஒன்றரை மணிக்கு மேல் போகக்கூடாது. கச்சேரியில் ஒரு அனுபல்லவியை நாலைந்து சங்கதியோடு ஒரு முறை பாடுகிறோம். ஸ்டுடியோவில் அதே உச்சத்தை ஏழெட்டு டேக் பாடுகிறோம், ஓய்வும் இல்லை, கைதட்டும் இல்லை. மூன்று டேக்குக்கு மேல் போகாதீர்கள். நிறுத்தி, கேட்டு, எந்த ஆவர்த்தனம் மட்டும் திருத்தவேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாரஸ்தாயி அதிகமுள்ள உருப்படிகளை, குரல் சூடான பிறகு முதல் ஒரு மணிக்குள் எடுத்துவிடுங்கள். விளம்ப காலமும் விருத்தமும் கடைசியில் வரட்டும். வாடகை ஓடுகிறதே என்று கரகரப்போடு பாடிவைப்பவர்களுக்கு ஒன்று: ஸ்ருதி விலகலை மென்பொருள் கொஞ்சம் திருத்திவிடும், கரகரப்பை எடுக்க வழியில்லை. மறுபடி பாடத்தான் வேண்டியிருக்கும், அப்போதும் வாடகை உண்டு.

ஸ்ருதியை அரைக் கட்டை இறக்குவது அவமானம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ. இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் முந்தின நாளே மிருதங்கக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வயலினை அங்கேயே இறக்கிவிடலாம், மிருதங்கத்துக்கு வேறு வாத்தியம் எடுத்துவர வேண்டியிருக்கும். உருப்படிகளையும் மாற்றுங்கள். உச்சத்திலேயே உலவும் அடாணாவை விட்டுவிடலாம். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற நிஷாதாந்திய ராகங்கள் நிஷாதத்தோடு (நி) நின்றுவிடும், தாரஸ்தாயிக்கே போகாது, ஒரு கச்சேரியின் பாரத்தைக் குறைக்க நல்ல துணை. மகரக்கட்டில் குரல் உடையும் வயதுப் பையன்களைப் பழைய கட்டையிலேயே பிடித்து வைக்கும் குருமார்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்மிய குரலோடு கிசுகிசுக்காதீர்கள், பலருக்கு அது பேசுவதைவிட அதிகச் சிரமம் கொடுக்கும். ஓய்வென்றால் மௌனம். கனைக்காதீர்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள். இரவு கச்சேரி முடிந்து ஒன்பதரைக்குக் கேன்டீனில் காரசாரமாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் குரல்வளை வரை ஏறும். படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள், முடியாவிட்டால் கொஞ்சமாக மோர் சாதம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும், இறங்கிய அன்றே கச்சேரிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். விமானத்தில் பேசிக்கொண்டே போகவும் வேண்டாம், அந்த இரைச்சலில் கத்திக்கொண்டுதான் பேசுவீர்கள்.

கம்மல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஸ்ட்ரோபோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். துடிக்கும் ஒளியில் குரல்நாணின் அதிர்வை மெதுவாக ஓடுவதுபோல் காட்டும் பரிசோதனை அது. தொண்டைக்குள் விட்டுப் பார்க்கும் சாதாரணக் கண்ணாடியில் தெரியாததும் அதில் தெரியும். முடிச்சு என்றதும் அறுவை சிகிச்சை என்று பயந்து ஒளிந்துகொள்கிறார்கள். முடிச்சுக்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான், பெரும்பாலோருக்கு அதுவே போதும். பாலிப் (குரல்நாணில் வளரும் சிறு சதைக்கட்டி) என்றால் அறுவை தேவைப்படலாம், அதிலும் திரும்பி வந்து நன்றாகப் பாடுபவர்கள் இருக்கிறார்கள். மறைத்துக்கொண்டு பாடுபவர்களுக்குத்தான் வழி அடைபடுகிறது.

சபா செயலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பாடகர் காலையில் முடியாது என்று சொன்னால் அடுத்த வருடம் தேதி கிடைக்காது என்ற பயம் இல்லாதபடி நடந்துகொள்ளுங்கள். பத்து மணிக்குள் தகவல் வந்தால் மாற்று ஏற்பாடு செய்ய முடியும். பாடகர்களும் மாலை நான்கு மணி வரை கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓய்வு முடிந்து திரும்பும்போது அவசரம் வேண்டாம். மருத்துவர் சரி என்ற பிறகு, முதல் நாள் ஐந்து ஐந்து நிமிடமாக நாலு தடவை, மத்யஸ்தாயியில் (நடு ஸ்தாயியில்) மட்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை அமிழ்த்தி, குமிழி வர மெதுவாக ஸ்வரம் பிடிக்கும் பயிற்சி மிக நல்லது. அடுத்த சில நாட்கள் அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வேகமான அகாரம் ('ஆ' என்று ஸ்வரங்களைப் பாடுவது) அதற்குப் பிறகு, தார பஞ்சமம் எல்லாவற்றுக்கும் கடைசியில். நடுவில் ஒரு நாள் குரல் கம்மினால் முந்தின நாள் அளவுக்குத் திரும்பிப் போங்கள்.