30 எடுத்தும் டிப்ளமோ இல்லை

"45க்கு 30 எடுத்திருக்கான். அறுபத்தாறு சதவீதம். இது எப்படி சார் ஃபெயில்?"

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கான சர்வதேசப் பாடத்திட்டமான ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) டிப்ளமோவின் முடிவு வந்த ஜூலை வாரத்தில் ஓர் அப்பா என்னிடம் கேட்டார். சென்னையில் இந்தப் பாடத்திட்டத்துக்கு இயற்பியல் நடத்துகிறேன். வருடத்துக்கு ஒருவராவது இப்படி வந்து உட்காருவார். சதவீதத்திலேயே படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடாது.

ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை கிரேடு. ஆக 42. அறிவுக் கோட்பாடு என்ற டி.ஓ.கே. வகுப்பும் 4,000 சொற்களுக்குள் எழுதும் ஆய்வுக் கட்டுரையும் சேர்ந்து அதிகபட்சம் 3 புள்ளி தரும். 24 எடுத்தால் பாஸ் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். அதன் கீழே இருக்கும் நிபந்தனைகளைத்தான் யாரும் படிப்பதில்லை.

ஹெச்.எல். எனும் உயர்நிலையில் எடுக்கும் மூன்று பாடங்களிலும் சேர்த்து 12 புள்ளி வந்தாக வேண்டும். இந்தப் பையனுக்கு ஹெச்.எல்.லில் 4, 4, 3. மொத்தம் 11. எஸ்.எல். எனும் சாதாரண நிலைப் பாடங்களில் 6, 6, 5 என்று அள்ளியிருந்தான், மேலே 2 புள்ளி வேறு. ஒன்றும் உதவவில்லை. அதே வகுப்பில் ஆறு பாடத்திலும் 4 வாங்கி, கூடுதல் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் 24இல் நின்ற பெண்ணுக்கு டிப்ளமோ கிடைத்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. ஒரு பாடத்தில் 1 வந்தாலோ, டி.ஓ.கே.யிலோ ஆய்வுக் கட்டுரையிலோ கடைசி கிரேடான ஈ வந்தாலோ, மொத்தம் எவ்வளவு இருந்தாலும் டிப்ளமோ கிடையாது. கலை, விளையாட்டு, சேவை என்று பாடத்துக்கு வெளியே செய்யும் சி.ஏ.எஸ்.ஸுக்கு மதிப்பெண்ணே இல்லை, ஆனால் அதை முடிக்காவிட்டாலும் இதே கதிதான்.

உண்மையில் இந்தப் பையன் சறுக்கியது பரீட்சையில் இல்லை, பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரத்தில். இன்ஜினியரிங் போகணும் என்று இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றையும் ஹெச்.எல். எடுக்க வைத்தார்கள். அவனுக்குப் பிடித்த பொருளாதாரம் எஸ்.எல்.லுக்குப் போனது. அதில் 6.

இன்னொரு குழப்பம், 7 என்றால் தொண்ணூறுக்கு மேல் என்ற நினைப்பு. அப்படியில்லை. எந்த மதிப்பெண்ணுக்கு எந்த கிரேடு என்பதை ஒவ்வொரு பருவத்திலும் பரீட்சை முடிந்த பிறகு, விடைத்தாள்களின் தரத்தையும் வினாத்தாளின் கடினத்தையும் பார்த்து மூத்த தேர்வாளர்கள் முடிவு செய்கிறார்கள். இயற்பியல் ஹெச்.எல்.லில் எழுபதை ஒட்டிய மதிப்பெண்ணுக்கே 7 கிடைத்த பருவங்கள் உண்டு. பள்ளித் தேர்வில் 68 வாங்கிய பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

அப்புறம் ஐ.ஏ., அதாவது பள்ளியிலேயே நடக்கும் அக மதிப்பீடு. அறிவியல் பாடங்களில் மாணவர் தானே செய்யும் ஆய்வு, மொத்தத்தில் 20 சதவீதம். நாங்கள்தான் திருத்துகிறோம். ஆனால் சில மாதிரிகள் வெளியே போகும், அங்கே ஒருவர் சரிபார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தாராளமாகப் போட்டேன். மாதிரிகளைப் பார்த்தவர் குறைத்தார், அந்தக் குறைப்பு மாதிரியில் இல்லாத பிள்ளைகளையும் சேர்த்து மொத்த வகுப்பின் தலையிலும் விழுந்தது. வாத்தியார் கறாராக இருக்கிறார் என்று புகார் சொல்ல வருபவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

சரி, அந்த அப்பாவுக்கு வருவோம். மறுதிருத்தம் கேட்கலாமா என்றார். கேட்கலாம், ஆனால் கிரேடு கீழேயும் இறங்கலாம், அதனால் மாணவனின் சம்மதம் வேண்டும். எல்லைக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் குறைவென்றால் நானே கேட்கச் சொல்லியிருப்பேன். 4க்கு அவனுக்கு ஆறு குறைந்தது. அந்த 3 என் பாடத்தில்தான். நவம்பர் பருவத்துக்கு இயற்பியலை மட்டும் பதிவு செய்தோம். சனிக்கிழமைகளில் வருகிறான்.