மதியும் மைண்டும் ஒரே வார்த்தைதான்

மதி கெட்டவன்னு திட்டறோமே, அந்த மதியும் (நிலாவச் சொல்ற மதி இல்ல, புத்தியச் சொல்ற மதி) இங்கிலீஷ்ல வர்ற மைண்டும் ஒரே வார்த்தைல இருந்து பிரிஞ்சு வந்தது. மதி நமக்கு சமஸ்கிருதத்துல இருந்து வந்தது, மனசும் அப்படித்தான். உள்ளம், நெஞ்சு, நினைப்பு இதெல்லாம் நம்ம சொந்தச் சொல்.

சமஸ்கிருதம், லத்தீன், இங்கிலீஷ் எல்லாத்துக்கும் மூலமா இருந்த மொழிக்கு எழுத்தே கிடையாது, அதுல இருந்து பிறந்த மொழிகள ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் அதக் கட்டி எடுக்கறாங்க. அதுல "மென்"னா நினைக்கிறது. அதோட "தி" சேர்த்து பெயர்ச்சொல் ஆக்கும்போது நடுவுல இருக்கற எகரம் விழுந்துரும், மிஞ்சறது "ம்ன்தி". பட்டன்னு இங்கிலீஷ்காரங்க சொல்றப்ப கடைசில "ன்" மட்டும் உயிரெழுத்து மாதிரி நிக்கும் பாருங்க, அதே மாதிரி "ன்"தான் இதுவும். இத வச்சுக்கிட்டு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு வழில போச்சு: சமஸ்கிருதத்துல அது வெறும் அகரமாச்சு, அதான் மதி. லத்தீன்ல "என்" ஆச்சு, மென்திஸ். லிதுவேனியன்ல "இன்", மின்திஸ். ஜெர்மானிய மொழிகள்ல "உன்" ஆகி, பின்னாடி வந்த இகரம் அந்த உகரத்த இழுத்து மாத்தி, கடைசில மைண்ட்.

இது தற்செயல் இல்லன்னு எப்படித் தெரியும்? அதர்மம்ல இருக்கற எதிர்மறை "அ"வயும் இங்கிலீஷ் "அன்"னயும் பக்கத்துல வச்சுப் பாருங்க, மூலத்துல ரெண்டும் அந்த ஒத்த "ன்"தான், மாறின விதமும் அச்சு அசல் இதே விதி. எனக்கு இந்தத் துறைலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது.

அர்த்தம் மட்டும் இப்படி ஒழுங்கா போகல. கிரேக்கத்துல இதே வேர் மேனியா, அதாவது பித்து. ஆட்டோமேட்டிக்னா தானா நினைச்சுச் செய்யறது, அந்த "மேட்"டும் மென்தான். லத்தீன்ல ஒருத்தர நினைக்க வைக்கிறது எச்சரிக்கையாச்சு, மானிட்டர் அதுல இருந்து வந்தது. பாத்திரம்னா குடிக்கிற கருவி, "பா"ன்னா குடிக்கிறது, "த்ர"ன்னா கருவி, அதே கணக்குல மந்த்ரம்னா நினைக்கிற கருவி.

சில மொழிகள் யோசனைக்கு கைவேலைல இருந்து பேர் எடுத்துச்சு. பிரெஞ்சுல நினைக்கிறதுக்கு பான்ஸேன்னு பேர், அதோட லத்தீன் மூலத்துக்கு எடை போடறதுன்னு அர்த்தம், நாமளும் சீர்தூக்கிப் பாக்கறதுன்னு சொல்றோமே, உறவு இல்லாமலே அதே எண்ணம். லத்தீன் புதாரேன்னா மொதல்ல கொடிய வெட்டி சுத்தம் பண்றது, அப்புறம் கணக்க நேர் பண்றது, அப்புறம் நினைக்கிறது. கம்ப்யூட்டர் அங்கிருந்துதான் வருது. கை கால எடுக்கற ஆம்பியூடேஷன்லயும் அதே புதாரேதான், அங்க மட்டும் பழைய வெட்டற அர்த்தம் அப்படியே நிக்குது.