ஒரு கூரை விழுந்துச்சு, இன்னொண்ணு 700 வருஷமா நிக்குது: குதுப் மினார் வளாகத்துல என்ன நடந்துச்சு?

டெல்லி போய் குதுப் மினார் பாத்துட்டு வந்த வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார், பக்கத்துலயே இருக்குற டெல்லி சுல்தான் இல்துத்மிஷ் கல்லறைக்கு மேல கூரையே காணோமே, யாராச்சும் இடிச்சுட்டாங்களான்னு. அங்க இருந்த குவிமாடம் தானா சரிஞ்சு விழுந்துடுச்சுங்கிறதுதான் பொதுவான கருத்து. காரணம் அது கட்டின விதத்துல இருக்கு.

மினார் கதை எல்லாருக்கும் தெரியும், 72.5 மீட்டர், குத்புதீன் ஐபக் ஆரம்பிச்சார், இல்துத்மிஷ் உயர்த்தினார், 1369-ல மின்னல் தாக்கி பிரோஸ் ஷா துக்ளக் சரி பண்ணினார். கூட்டம் அடுத்து ஓடுறது இரும்புத் தூண்கிட்ட. அதைப் பின்பக்கமா கட்டிப்பிடிச்சா நினைச்சது நடக்கும்னு ஒரு நம்பிக்கை, தொட்டுத் தொட்டே தேய்ச்சதால 1997-ல வேலி போட்டாங்க. இந்த மூடநம்பிக்கை மேல எனக்குக் கோபமே வரும், ஏன்னா அந்தத் தூணுக்குப் பின்னாடிதான் நிஜமான அதிசயம் நிக்குது, அங்க இருக்குற பழைய மசூதியோட சுமார் 16 மீட்டர் உயர வளைவு.

அந்த வளைவோட கல் இணைப்புகளைப் பாருங்க, எல்லாம் படுக்கையா இருக்கும். கல்லை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், ஆனா இழுத்தா விரிசல் விடும், அதனாலதான் நீளமான கல் உத்தரம் அடிப்பக்கம் பிளக்குது. தூணும் உத்தரமும் வச்சே கட்டிப் பழகின நம்ம சிற்பிகள்கிட்ட வளைவு கேட்டாங்க, அவங்க மேஜை விளிம்புல புத்தகம் அடுக்குற மாதிரி ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் முன்னாடி நீட்டி, ரெண்டு பக்கமும் உச்சியில சேர வச்சுட்டாங்க. வடிவம் வளைவு, வேலை செய்றது உத்தரம். நீட்டின பகுதியை அந்தக் கல்லோட பின்முனை மேல இருக்குற கனம்தான் பிடிச்சு வைக்குது. இல்துத்மிஷ் கல்லறையோட மூலை வளைவுகளும் இதே முறைதான், சுமார் 9 மீட்டர் அகல அறைக்கு மேல குவிமாடத்தை இப்படித் தாங்குறது ரொம்பக் கஷ்டம்.

இப்போ 1311-ல சுல்தான் அலாவுதீன் கில்ஜி கட்டின, குவிமாடம் இன்னும் விழாம நிக்குற அலாய் தர்வாசாங்கிற நுழைவாசலுக்கு வாங்க, சில நிமிஷ நடைதான். இங்க இணைப்புகள் சூரியக் கதிர் மாதிரி விரியும். ஒவ்வொரு கல்லும் மேல அகலம், கீழ குறுகல், அதனால கீழ விழணும்னா பக்கத்துக் கல்லைத் தள்ளிட்டுதான் விழணும், அந்தக் கல்லோ அடுத்ததைத் தள்ளுது, கடைசியில மொத்தக் கனமும் வெறும் அமுக்கமா மாறி சுவருக்குள்ள இறங்கிடுது! விழப்பாக்குற எடையே விழாம பிடிக்குது, எத்தனை தடவை யோசிச்சாலும் எனக்கு இது அலுக்கவே இல்ல. உச்சிக்கல் உட்கார்ற வரைக்கும்தான் சென்ட்ரிங் வேணும், அப்புறம் மரத்தை எடுத்துடலாம்.

இதுக்கு ஒரு விலை இருக்கு, வளைவு சுவரை எப்பவும் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். அதனாலதான் அங்க சுவர் சுமார் 11 அடி தடிமன். அந்தத் தள்ளல் இன்னைக்கும் நிக்கல, சுவர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அளந்து சொல்ல ஆள் வேணும். சென்னை ஐஐடியில பாரம்பரியக் கட்டடங்களோட பாதுகாப்புக்குன்னே ஒரு மையம் இருக்கு, இந்த மாதிரி மையங்களுக்கு லைட் ஷோவுக்கு முன்னாடி பணம் கொடுக்கணும்னுதான் நான் சொல்வேன்.