வெள்ளவத்தையில் தொலைகிற அரை மணித்தியாலம்

யாழ்ப்பாணத்து ஊருக்குப் போவதற்கு முதல் நாள் இரவு கொழும்பு வெள்ளவத்தை வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "நாளைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுறது?" எங்கள் வீட்டில் மாமா, "ஏழு மணித்தியாலம் காணும், விடிஞ்சாப் பிறகு வெளிக்கிடலாம்" என்பார். சித்தி ஒன்பது என்பார். அதற்குள் அம்மா யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து, "மத்தியானச் சாப்பாட்டுக்கு நிப்பம்" என்று சொல்லி முடித்திருப்பார்.

தூரத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஊர்மனைகளுக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். வகுத்தால் 5 மணித்தியாலம் 43 நிமிடம் வருகிறது. நடப்பிலோ எட்டு, எட்டரை, சில நாட்களில் பத்து. நடுவே காணாமற்போகிற அந்த மூன்று மணித்தியாலம் எங்கே போகிறது என்பதை ஒழுங்காகக் கணக்குப் பார்த்தால், அவசரப்பட வேண்டிய இடமும் தேவையில்லாத இடமும் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 40 கிலோமீற்றர் பயணம். முதல் 20 கிலோமீற்றரை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திலும், மிச்சத்தை 80 இலும் ஓடுகிறீர்கள். சராசரி வேகம் என்ன? மனம் உடனே 50 என்கிறது. ஆனால் முதற்பாதிக்கு ஒரு மணித்தியாலம் முழுதாகப் போய்விட்டது. இரண்டாம் பாதிக்கு வெறும் 15 நிமிடம். 75 நிமிடத்தில் 40 கிலோமீற்றர் என்றால் சராசரி 32. மெதுவாக ஓடும் துண்டில்தான் நாம் நீண்ட நேரம் இருக்கிறோம், அதனால் சராசரியை அதுவே கீழே இழுத்துவிடுகிறது. கணிதத்தில் இதற்கு இசைச் சராசரி என்று பெயர்.

வேகமானி நமக்குக் காட்டுவது ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கிலோமீற்றர் என்பதை. பயணம் போகிறவருக்குத் தேவைப்படுவது அதன் தலைகீழ்: பத்துக் கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம்? மணிக்கு 20 இல் ஓடினால் 30 நிமிடம். 30 இல் 20 நிமிடம். 40 இல் 15. 60 இல் 10. 70 இல் எட்டரைக்குச் சற்று மேல். 80 இல் ஏழரை. 100 இல் 6. இருபதிலிருந்து முப்பதுக்கு ஏறும்போது பத்து நிமிடம் மிச்சம். எழுபதிலிருந்து எண்பதுக்கு ஏறும்போது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. கூட்டியது இரண்டு இடத்திலும் அதே பத்துத்தான்.

மனிதர் இதில் ஒரே மாதிரியாகத் தவறுகிறார்கள் என்பதை ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஏற்கெனவே வேகமாக ஓடும்போது இன்னும் வேகம் கூட்டினால் கிடைக்கும் நேரத்தை நாம் மிகைப்படுத்துகிறோம். மெதுவாக ஊரும்போது சற்று வேகம் கிடைத்தால் வரும் நேரத்தைக் குறைத்து மதிக்கிறோம். வவுனியா தாண்டியதும் நேரான ஏ-9 வீதியைக் கண்டு காலை அழுத்துகிற சாரதியின் மனதில் வேலை செய்வது இந்தப் பிழைதான்.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். வீட்டு வாசலிலிருந்து, கொழும்பை விட்டு வெளியேறும் இடமான பேலியகொடைக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர். காலை எட்டு மணி நெரிசலில் மணிக்கு 15 கிலோமீற்றர் கிடைத்தால் 48 நிமிடம். விடிய நாலு மணிக்கு அதே பாதையில் 36 கிடைத்தால் 20 நிமிடம். மிச்சம் 28 நிமிடம். எட்டு மணிக்கு வெளிக்கிட்டவர் இந்த 28 நிமிடத்தை வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட சுமார் 143 கிலோமீற்றரில் மீட்கப் பார்க்கிறார் என்று வையுங்கள். சாதாரணமாகச் சராசரி 65 இல் ஓடுபவர் அங்கே சராசரியை 82க்கு மேல் கொண்டுபோக வேண்டும். கிளிநொச்சி, பரந்தன், கொடிகாமம், சாவகச்சேரி எல்லாம் நடுவில் இருக்கும்போது சராசரி 82 என்றால் திறந்த வெளியில் 100ஐத் தாண்டியே ஆகவேண்டும். சட்டம் இடம் தராது, வீதியைக் கடக்கும் மாடும் இடம் தராது. 70இலிருந்து 100க்குப் போகும்போது வாகனத்தின் இயக்க ஆற்றல் இரண்டு மடங்காகிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும்போது அவ்வளவையும் தின்று தீர்க்க வேண்டும்.

லொறிக்குப் பின்னால் மாட்டுப்படுவதும் அப்படித்தான். 60 இல் ஓடவேண்டிய இடத்தில் 20 கிலோமீற்றர் தூரம் முழுக்க 45 இல் ஊர்ந்தாலும் இழப்பது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. எதிரே வெளிச்சம் தெரியும்போது முந்தப் பார்ப்பது அந்த நிமிடங்களுக்காக.

விடிய நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்? வீதியில் வாகனங்கள் இரட்டிப்பானால் நேரமும் இரட்டிப்பாகும் என்று நினைப்போம். அது அப்படி ஏறுவதில்லை. அமெரிக்காவின் பொதுச் சாலைகள் பணியகம் 1964இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டது. வீதித் திட்டமிடுவோர் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். வீதியின் கொள்ளளவோடு ஒப்பிடும்போது எத்தனை பங்கு வாகனம் வருகிறதோ அந்த விகிதத்தின் நாலாம் அடுக்கை எடுத்து 0.15ஆல் பெருக்கினால், வெறும் வீதியில் எடுக்கும் நேரத்தோடு எவ்வளவு பங்கு கூடும் என்பது கிடைக்கும். வீதி பாதி நிரம்பியிருந்தால் தாமதம் ஒரு வீதம்கூட இல்லை. முழுதாக நிரம்பினால் 15 வீதம். கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கு வந்தால் 76 வீதம். இரண்டு மடங்கு வந்தால் பயணம் மூன்று மடங்குக்கும் மேல் நீளும். மலையடிவாரம் போல, வெகுதூரம் சமதரை, பிறகு திடீரென்று செங்குத்து. அந்தச் செங்குத்துத் தொடங்குமுன் ஒருவர் அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டால், அவருக்குக் கிடைப்பது அரை மணித்தியாலத்தை விடப் பெரிது.

சில நேரம் விபத்தும் இல்லை, பொலிஸும் இல்லை, ரயில் கடவையும் இல்லை. ஆனாலும் எல்லா வாகனமும் நிற்கும். ஐந்து நிமிடம் கழித்து எதுவும் நடக்காதது போல வழி திறக்கும். ஜப்பானில் யூக்கி சுகியாமாவும் அவரது குழுவினரும் இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். 230 மீற்றர் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தில் 22 கார்களை விட்டு, எல்லோரையும் ஒரே வேகத்தில் ஓடச் சொன்னார்கள். சந்தி இல்லை, தடை இல்லை. சற்று நேரத்தில் யாரோ ஒருவர் இலேசாகக் காலை எடுக்க, பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிரேக் பிடிக்க, அதற்குப் பின்னால் வந்தவர் நின்றே விட்டார். நெரிசல் ஓர் அலையாகப் பின்னோக்கிப் போகத் தொடங்கியது. 2008இல் இந்த முடிவுகள் வெளியாயின. முன் வாகனத்தோடு ஒட்டி ஓடினால்தான் நேரம் மிஞ்சும் என்ற நம்பிக்கை ஆழமாக ஊறியது. ஆனால் அந்த அலையைப் பெருப்பிப்பதே அப்படி ஒட்டி ஓடுவதுதான். இடைவெளி விட்டு ஓடுகிறவரிடம் வரும்போது அதிர்வு கரைகிறது.

கைபேசி இதையெல்லாம் எப்படிக் கணக்குப் பார்க்கிறது? அடியில் இருக்கும் வித்தை பழையது. நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கோப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் மனதுக்குள்ளேயே யோசித்துக் கண்டுபிடித்த முறை அது. 1959இல் அச்சில் வந்தது. தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு சந்திக்கும் இதுவரை தெரிந்த மிகக் குறைந்த நேரத்தை எழுதிக்கொள்வது, அவற்றுள் எல்லாவற்றிலும் குறைந்த சந்தியை எடுத்து அங்கிருந்து அடுத்த சந்திகளுக்கு நீட்டுவது, இப்படியே சேருமிடம் வரும்வரை. இன்றைய செயலிகள் இதையே பல மடங்கு வேகப்படுத்தி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு வீதித் துண்டுக்கும் எத்தனை நிமிடம் என்பதை, அங்கே நகர்ந்துகொண்டிருக்கும் கைபேசிகளின் வேகமும் அதே கிழமையில் அதே மணிக்குப் பதிவான பழைய வேகங்களும் சேர்ந்து சொல்கின்றன. கைபேசிகள் குறைவாக நகரும் இடத்தில் பழைய பதிவின் பங்கு கூடுகிறது.

இரவு பத்து மணிக்குக் கூகுள் மெப்ஸைத் திறந்து, "ஆறே முக்கால் மணித்தியாலம் காட்டுது" என்று சொல்பவர் அந்த இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டால் ஆகும் நேரத்தைத்தான் வாசிக்கிறார். நாளை காலைக்கு வேண்டுமென்றால் வெளிக்கிடும் நேரத்தைக் குறித்துக் கேட்க வேண்டும். அப்போது ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு வீச்சு வரும். அந்த வீச்சின் மேல் நுனியைக் கவனியுங்கள். அந்தக் கணக்கில் நீங்கள் எங்கும் நிற்பதில்லை.

நாங்கள் நிற்போம். சிலாபத்தில் தேத்தண்ணி, அநுராதபுரத்தில் சாப்பாடு, முறிகண்டியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். முறிகண்டியில் நிற்காமல் ஏ-9 வீதியில் போகிற தமிழர் வாகனம் அரிது. தேங்காயை உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்கச் சொல்லி யாரிடமும் நான் கேட்கமாட்டேன். ஆனால் சராசரி 65 இல் ஓடும் வாகனத்துக்கு 15 நிமிட நிறுத்தம் என்பது 16 கிலோமீற்றர். நிறுத்தம் எவ்வளவு நீளும் என்பதைத் தீர்மானிப்பவர் கடைசியாக ஏறுகிறவர். வானில் எட்டுப் பேர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் சராசரியாகப் பத்து நிமிடம் போதுமானாலும், எட்டுப் பேரில் மிகவும் பிந்துகிறவருக்கு இருபதாவது ஆகும். ஆட்கள் கூடக்கூட நிறுத்தம் நீள்வது இதனால்தான். தேத்தண்ணி, சாப்பாடு, பெற்றோல், கழிவறை நான்கையும் இரண்டு இடங்களுக்குள் அடக்கினால், பிந்தி ஏறுபவருக்காக நான்கு தடவை காத்திருப்பது இரண்டாகக் குறையும். வீட்டிலிருந்து இடியப்பமோ கட்டுச்சோறோ கட்டிக்கொண்டு போன பழைய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது கணக்கைத் துண்டு துண்டாகக் கூட்டலாம். நாலு மணிக்கு வெளிக்கிட்டால் பேலியகொடைக்கு 25 நிமிடம் வைப்பேன். கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை 25.8 கிலோமீற்றர்; 20 நிமிடம். 2013இல் அது திறந்த பிறகு நீர்கொழும்புப் பக்கம் போகிறவர்களுக்கு நேரம் இவ்வளவு மிஞ்சியதற்கு, அது மிக மெதுவான ஒரு துண்டைத் தூக்கி எறிந்ததுதான் காரணம். கட்டுநாயக்கவிலிருந்து புத்தளம் 2 மணித்தியாலம் 10 நிமிடம். புத்தளத்திலிருந்து அநுராதபுரம் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல், 80 நிமிடம். அங்கிருந்து வவுனியா ஒரு மணித்தியாலம். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் 2 மணித்தியாலம் 20 நிமிடம். மொத்தம் 7 மணித்தியாலம் 35 நிமிடம். நிறுத்தங்களுக்கு 55 நிமிடம். எட்டரை மணித்தியாலம். பன்னிரண்டரைக்கு யாழ்ப்பாணம், அம்மா சொன்ன மத்தியானச் சாப்பாடு சரிவரும்.

இது வழக்கமான நாளுக்கு. பயண நேரம் இரண்டு பக்கமும் சமமாக விரிவதில்லை. எல்லாம் கைகூடினாலும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் முந்த முடியாது. பிழைத்தால் இரண்டு, மூன்று மணித்தியாலம்கூடப் பிந்தலாம். ரயர் ஒன்று போதும். அதனால்தான் நாம் அடிக்கடி காண்கிற நேரத்தைவிடச் சராசரி எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய கருத்து ஒன்று இங்கே பொருந்துகிறது: முன்கூட்டிக் கணிக்கும்போது நாம் எல்லாம் சரியாக நடக்கும் ஒரு கதையையே மனதில் ஓட்டிப் பார்க்கிறோம், இதே வேலை முன்பு எத்தனை நாள் எடுத்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. மாமாவின் ஏழு மணித்தியாலம் அவர் ஒரு நாள் எடுத்த மிகக் குறைந்த நேரம். அது நினைவில் நிற்கிறது, மற்றப் பயணங்கள் நிற்பதில்லை.

ஊரிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத் திரும்பும்போது கணக்கு மாற வேண்டும். கனடாவுக்குத் திரும்புகிற சித்தப்பா இரண்டு மணித்தியாலம் முந்தி வந்தால் கதிரையில் இருந்து கதைக்கலாம். அரை மணித்தியாலம் பிந்தினால் விமானம் போய்விடும். அங்கே சராசரியை விட்டுவிட்டு, இருபது பயணத்தில் பத்தொன்பதுக்குப் போதுமான நேரத்தை எடுக்க வேண்டும். என் கணிப்பில் அது வழக்கத்தைவிட இரண்டு மணித்தியாலம் கூட.

இரவு ஓடினால் வீதி வெறுமை என்பது உண்மை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பதை 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் டோசனும் ரீடும் அளந்து காட்டினார்கள். காலை ஐந்து மணிக்கு எழும்பி, வேலைக்குப் போய் வந்து, இரவு பத்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் அந்தப் 17ஐ வெள்ளவத்தையிலேயே தொட்டுவிட்டார். அநுராதபுரம் தாண்டும்போது உடலின் கடிகாரம் மிகவும் தாழ்ந்திருக்கும் இரண்டு, மூன்று மணி. மணிக்கு 60 இல் மூன்று விநாடி கண் சொக்கினால் வாகனம் 50 மீற்றர் ஓடியிருக்கும். எட்டு மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழும்பி வெளிக்கிடுபவருக்கும் வெறும் வீதிதான் கிடைக்கிறது. நித்திரையும் கிடைக்கிறது.

இப்போது எங்கள் வானின் டாஷ்போர்டில் ஒரு கொப்பி கிடக்கிறது. பேலியகொட, புத்தளம், வவுனியா, முறிகண்டி என்று நாலு இடத்து மணியையும் யாராவது ஒருவர் குறித்துவிடுவார். சித்தியின் ஒன்பதும் மாமாவின் ஏழும் அதில் வந்த நாட்கள் உண்டு, பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். ஆவணியில் நல்லூர்த் தேருக்குப் போன நாட்களை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதுகிறோம். அந்த நாட்கள் வேறு நாட்களோடு சேராது. அடுத்த தேருக்கு வெளிக்கிடும் நேரத்தை அந்தப் பக்கத்தைப் பார்த்தே மாமா சொல்லப்போகிறார்.