எந்தத் தொலைகாட்டி, எந்தக் கதிர்?

"சேர், நாசா இன்னொரு பூமியக் கண்டுபிடிச்சிட்டுதாம்." வகுப்பு முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை போனை நீட்டும். ஊதாவும் செம்மஞ்சளுமாக ஒரு படம், கீழே வரிசையாக ஆச்சரியக்குறிகள். பிள்ளைக்கு அதை அனுப்பியது பெரும்பாலும் அப்பாவோ மாமாவோதான். மட்டக்களப்பில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்தத் தொலைகாட்டி பார்த்தது, எந்தக் கதிரில் பார்த்தது, வேறு எது அதை உறுதி செய்தது? இந்த விபரம் இல்லாத படத்தை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

இளம் நட்சத்திரங்களையும் அவற்றின் கோள்களையும் பற்றிய செய்தி என்றால் இந்தக் கேள்வியை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும். நம் சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டுகள், அடங்கிவிட்ட நட்சத்திரம். இரண்டு கோடி வயது நட்சத்திரம் அப்படியில்லை. வேகமாகச் சுழலும், முகமெல்லாம் பெரிய கரும்புள்ளிகள், நினைத்த நேரம் சுவாலை வெடிக்கும். சுற்றிவரத் தூசித் தட்டும் இருக்கும். கோள்கள் பிறப்பதே அந்தத் தூசியிலும் வாயுவிலும்தான். வைக்கோல் எரிக்கும் வயலில் புகைக்குப் பின்னாலுள்ள நெருப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வெக்கை முகத்தில் அடிக்குமே, அதுபோலக் கட்புலனாகும் ஒளி தூசியில் மறிபட்டாலும் அகச்சிவப்புக் கதிர் கடந்து வந்துவிடும்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு வீனின் விதி தெரியும். 2,900ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் அதிகம் ஒளிரும் என்பது மைக்ரோமீட்டரில் வரும். சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின், விடை 0.5, கண்ணுக்குத் தெரியும் ஒளி. நம்மூர்ப் பகல் வெப்பநிலையிலுள்ள, ஏறத்தாழ 300 கெல்வின் தூசிக்கு விடை 10க்குக் கிட்ட, அது அகச்சிவப்பு. இளம் நட்சத்திரத்தைச் சூழ்ந்த கோடி கெல்வின் வாயுவுக்குப் பருமட்டாகக் கணக்குப் போட்டாலே எக்ஸ் கதிரில் போய் நிற்கும். ஆக, தூசியையும் நட்சத்திரத்தையும் சுவாலையையும் ஒரே கருவியால் நன்றாகப் பார்க்க முடியாது. நிலத்திலிருந்து பார்ப்பதும் சரிவராது. எக்ஸ் கதிரை வளிமண்டலம் முழுதாகவும், புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அகச்சிவப்பில் கணிசமான பங்கை நீராவி விழுங்கிவிடும்.

அதனால்தான் விண்வெளியில் இத்தனை தொலைகாட்டிகள். 1990இல் ஏவப்பட்ட ஹபிள் புற ஊதாவையும் கட்புல ஒளியையும் பார்க்கிறது. 1999இல் போன சந்திராவும் எக்ஸ்எம்எம் நியூட்டனும் எக்ஸ் கதிருக்கு. 2018இல் போன டெஸ் நட்சத்திரங்களின் பிரகாசம் கூடிக் குறைவதைக் கண்காணிக்கிறது. 2021 நத்தார் அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப், 15 இலட்சம் கிலோமீட்டர் தூரத்தில் ஐந்தடுக்குத் திரையின் நிழலில் குளிர்ந்தபடி அகச்சிவப்பைப் பார்க்கிறது. அயல்நாடான இந்தியா 2015இல் ஏவிய அஸ்ட்ரோசற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கூடிய கலம் அது.

இவை எப்படி ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்பதற்கு நான் வகுப்பில் எடுக்கும் உதாரணம் ஏயூ மைக்ரோஸ்கோப்பி என்ற இளம் நட்சத்திரம். 32 ஒளியாண்டு தூரம், வயது இரண்டு கோடிக்குச் சற்று மேல். ஆவணி, புரட்டாசி இரவுகளில் நமக்குத் தெற்கு வானில் பாதி உயரத்துக்கு மேலே வரும்; வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலர் வேண்டும். இதன் முன்னால் ஒரு கோள் கடந்து போவதை டெஸ் 2018இல் பதிவு செய்தது. அப்போது நட்சத்திர ஒளி குறைந்தது ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை. கரும்புள்ளிகள் சுழலும்போது அதைவிடப் பல மடங்கு கூடிக் குறைகிறது, இடையிடையே சுவாலை வேறு. டெஸ் பிடித்தது இரண்டே இரண்டு கடப்புகள். இரண்டுக்கும் நடுவில் ஒன்று நடந்திருக்க வேண்டிய நேரத்தில் தரவில் இடைவெளி. கோளின் ஒரு சுற்று 17 நாளா, அதில் பாதியா? ஸ்பிற்சர் என்ற நாசாவின் விண்வெளித் தொலைகாட்டி அகச்சிவப்பில் பார்த்துத்தான் 8.46 நாள் என்று தீர்த்து வைத்தது. 2020 ஜனவரியில் ஸ்பிற்சரை நிறுத்திவிட்டார்கள். கோள் பற்றிய அறிவிப்பு அதே ஆண்டில் வந்தது.

கதை அதோடு முடியவில்லை. சுவாலைகள் அந்தக் கோளின் வளிமண்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுக்கின்றனவா என்று ஹபிள் புற ஊதாவில் பார்த்தது. முதல் தடவை ஒன்றுமில்லை. ஏறத்தாழ ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், கோளுக்கு முன்னாலேயே ஐதரசன் பாய்ந்து கொண்டிருந்தது. முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால் "வளிமண்டலம் பத்திரம்" என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். இந்த மாற்றத்துக்குச் சுவாலைதான் காரணமா என்று தெரிய வேண்டுமானால் எக்ஸ் கதிரையும் புற ஊதாவையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். சொல்வது சுலபம். ஹபிள் ஏறத்தாழ 95 நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது. அதில் கிட்டத்தட்டப் பாதி நேரம் பூமியே குறுக்கே நிற்கும். சுவாலை அந்த நேரம் பார்த்து வெடித்தால் போச்சு. நீண்ட பாதையில் போகும் சந்திராவும் எக்ஸ்எம்எம் நியூட்டனும் மணிக்கணக்கில் கண்ணெடுக்காமல் பார்த்துக் கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனியே நேரம் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே இரவில் ஒரே புள்ளிக்குத் திருப்புவது பெரிய தலையிடி. என்னைக் கேட்டால் புதுக் கண்ணாடி செய்வதைவிட இதுதான் கஷ்டமான வேலை.

ஒரு கண்ணை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபோமல்ஹோட். ஐப்பசியில் மழை பிடிக்குமுன், இரவு ஒன்பது மணிபோலத் தெற்கே தனியாக மின்னும் நட்சத்திரம் அது. 25 ஒளியாண்டு தூரம். ஹபிள் 2004இலும் 2006இலும் எடுத்த படங்களில் ஒரு புள்ளி நகர்ந்திருந்தது. 2008இல் கோள் என்று அறிவித்தார்கள், உலகமெல்லாம் செய்தி. ஆனால் இப்படியான இளம் நட்சத்திரத்தைச் சுற்றும் பெரிய கோள் இன்னும் சூடாக, அகச்சிவப்பில் ஒளிர வேண்டும். ஸ்பிற்சரில் ஒன்றும் அகப்படவில்லை. 2014 ஹபிள் படத்தில் புள்ளியே இல்லை. இரண்டு பனிப்பாறைக் கோளங்கள் மோதிச் சிதறிய தூசி மேகம், விரிந்து கரைந்துவிட்டது என்று 2020இல் ஓர் ஆய்வு முடிவுக்கு வந்தது. 2023இல் வெப் அங்கே மூன்று தூசி வளையங்களைக் காட்டியது. பழைய "கோள்" படம் மட்டும் இன்னும் வட்சப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதே 2023இல் வந்த இன்னொரு செய்தியும் அப்படித் திரிந்தது. சுமார் 370 ஒளியாண்டு தூரத்திலுள்ள பீடீஎஸ் 70 என்ற இளம் நட்சத்திரத்தின் உள் தட்டில் வெப் நீராவியைக் கண்டது. கைமாறி வரும்போது அது "தண்ணீர் உள்ள கோள்" ஆகிவிட்டது. நீராவி இருப்பது தட்டில். அங்கே தெரியவந்த இரண்டு கோள்களும் வெளியே வெகு தூரத்திலுள்ள வாயுக் கோள்கள். அதில் ஒன்று இன்னும் வாயுவை இழுத்துப் பருத்துக்கொண்டிருப்பதை ஹபிள் புற ஊதாவில் அளந்தது.

படத்தின் நிறத்தைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள், "பொய்ப் படமா சேர்?" என்று. பொய்யில்லை. அகச்சிவப்புக்கு நம் கண்ணில் நிறம் கிடையாது. ஆகவே நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பும் குறுகியதற்கு நீலமும் கொடுத்துப் படமாக்குகிறார்கள். அந்தக் கோளில் போய் நின்றால் வானம் அப்படித் தெரியும் என்று எழுதியிருந்தால்தான் பொய்.

நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மாசி மாதம் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், மிருகசீரிடமும் திருவாதிரையும் சேர்ந்த ஓரியன் முன்னிரவிலேயே கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். இடுப்புப் பட்டிபோலத் தெரியும் மூன்று வெள்ளிகளுக்குக் கீழே சிறு பைனாகுலரில் ஒரு மங்கல் புகை தெரியும். 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் முகில் அது. கல்லடிக் கடற்கரையில் வெளிச்சம் கொஞ்சம் இடைஞ்சல். படுவான்கரை நல்ல இருட்டு, ஆனால் யானை வரும் பக்கம் இரவில் போகாதீர்கள். வீட்டு முற்றமே போதும்.

கணினி இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் தருகிறேன். ஹபிள், வெப், டெஸ் தரவுகளை மாஸ்ற் (MAST) என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தேடும் பெட்டியில் ஏயூ மைக் (AU Mic) என்று ஆங்கிலத்தில் அடித்தால் எந்தத் தொலைகாட்டி எப்போது அதைப் பார்த்தது என்று வரிசையாக வரும். டேட்டா வீணாகாமல் இருக்க, டெஸ்ஸின் 2018 ஒளிவளைவை மட்டும் முதலில் இறக்குங்கள். கரும்புள்ளியால் வரும் பெரிய ஏற்ற இறக்கத்துக்கு நடுவே கோளின் இரண்டு சிறு பள்ளங்களைத் தேடிப் பிடித்து, அடுத்த வகுப்புக்கு அச்சடித்துக் கொண்டு வாருங்கள்.