வட்டு: டிஸ்க் என்பதற்குரிய தமிழ்ச்சொல்

படங்களை டிஸ்க்காக வாங்கிச் சேர்ப்பவர்கள் பேச்சில் விசிடி, டிவிடி, புளூ-ரே, 4கே என்று வகைப் பெயர்கள்தான் ஓடும். டிஸ்க் என்ற தாய்ச்சொல் பாதி நேரம் வெளியிலேயே வராது. தமிழில் எழுத உட்காரும்போதுதான் அதற்கு என்ன சொல் போடுவது என்ற கேள்வி எழுகிறது. குறுந்தகடு, இறுவட்டு, தட்டு, வட்டு என நாலைந்து சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. இவற்றுள் வட்டு என்பதே பொருத்தமானது என்பது என் முடிவு. அதற்கான காரணங்கள் பழந்தமிழிலும் இருக்கின்றன, டிஸ்க் என்ற சொல்லின் பிறப்பிலும் இருக்கின்றன.

முதலில் பொருள். நடுவில் துளையுள்ள, தட்டையான, வட்டமான பொருள். அதன் பரப்பில் ஒலியோ படமோ தரவோ பதிந்திருக்கும். சிடி முதல் இன்றைய 4கே புளூ-ரே வரை வழக்கமான அளவு ஒன்றேதான்: 12 செ.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன். இவற்றுக்கெல்லாம் மூத்த லேசர் டிஸ்க் மட்டும் 30 செ.மீ. விட்டத்தில் கிராமபோன் இசைத்தட்டைப் போல இருக்கும். 1978 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது அது. பார்க்க சிடியின் அண்ணன் மாதிரி மின்னினாலும், அதில் படம் எண்களாகப் பதிந்திருக்காது. பழைய தொலைக்காட்சி அலைவரிசையைப் போன்ற தொடர் அலையாகவே பதிந்திருக்கும். ஒரு பக்கத்தில் அதிகபட்சம் ஒரு மணி நேரம். அப்புறம் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும்.

டிஸ்க்கின் மூலம் கிரேக்கம். 'டிஸ்கோஸ்' என்றால் விளையாட்டு வீரர்கள் எறியும் கனமான வட்டப் பொருள். எறிதல் என்று பொருள்படும் 'டிகெய்ன்' என்ற வினையிலிருந்து வந்த பெயர். லத்தீனில் அது 'டிஸ்குஸ்' ஆனது. வடிவத்தை வைத்து உண்ணும் தட்டுக்கும் அந்தப் பெயர் பரவியது. அப்படி ஆங்கிலத்தில் நுழைந்ததுதான் 'டிஷ்'. சாப்பாட்டுப் பலகை, மேசை என்று பொருள் நகர்ந்து ஜெர்மனில் மேசைக்கே 'டிஷ்' என்று பெயர் வந்தது. ஆங்கிலத்தின் 'டெஸ்க்'கும் இதே வேர்தான். ஒரே சொல் எறிபொருளாகவும் உண்கலமாகவும் மேசையாகவும் பிரிந்து, கடைசியில் படம் பதித்த டிஸ்க்காகவும் வந்து நிற்கிறது.

சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கும் ஒரு கிளையும் இதில் உண்டு. நூலகத்துக்கு பிரெஞ்சில் 'பிப்லியோதெக்'. அதை அச்சாக வைத்து, இசைத்தட்டுகளைத் தொகுத்து வைக்கும் இடத்துக்கு 'டிஸ்கோதெக்' என்று பெயர் உண்டாக்கினார்கள். பிறகு தட்டுகளை ஓடவிட்டு ஆடும் அரங்குக்கு அந்தப் பெயர் மாறி, 'டிஸ்கோ' என்று சுருங்கியது. அதாவது டிஸ்கோ என்ற சொல்லின் முதற்பொருள் ஆட்டம் கிடையாது, தொகுப்பு.

இனி தமிழுக்கு வருவோம். வட்டு சங்க காலத்துச் சொல். நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேப்ப மரத்தின் புள்ளி நிழலில், பொன் உரைக்கும் கட்டளைக் கல்லைப் போலக் கட்டம் வரைந்து சிறுவர்கள் விளையாடுகிறார்கள்: 'கல்லாச் சிறாஅர் நெல்லி வட்டு ஆடும்'. அவர்கள் கையில் இருக்கும் வட்டு, நெல்லிக்காய். குறளிலும் வட்டு வருகிறது: 'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்' (401). நிறைய நூல் கற்காமல் அவையில் பேசப்போவது, கட்டம் வரையாமலே வட்டாடுவதற்குச் சமம் என்கிறார் வள்ளுவர். இங்கே வட்டாடுவதை உண்டை உருட்டுதல் என்று பரிமேலழகர் விளக்குகிறார்.

இரண்டு இடத்திலும் வட்டு தட்டையான பொருளாக இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நெல்லிக்காயும் உண்டையும் உருண்டை. ஆனால் இரண்டிலும் வட்டு கையால் ஆடும் பொருள், டிஸ்கோஸும் அப்படித்தான். வட்டம், வட்டில், வட்டு எல்லாம் ஒரே குடும்பம் போல ஒலிக்கின்றன. வட்டம் வடமொழி விருத்தத்தின் திரிபு என்போர் உண்டு. வளைதலைக் குறிக்கும் 'வள்' என்ற தமிழ் வேரிலிருந்து பிறந்தது என்போரும் உண்டு. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், வட்டு இரண்டாயிரம் ஆண்டாகத் தமிழர் வாயில் புழங்கும் சொல் என்பதில் மாற்றமில்லை. வட்டில் என்பது உண்கலம். டிஸ்குஸ் உண்கலமாக மாறியதைப் போலவே நம்மிடமும் விளையாட்டுப் பொருளும் சாப்பாட்டுத் தட்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்களாக இருக்கின்றன.

என்னை முழுதாக ஒப்பவைத்தது விளையாட்டுப் பக்கம். தடகளத்தில் டிஸ்கஸ் எறிவதைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் நெடுங்காலமாக 'வட்டு எறிதல்' என்றே எழுதிவருகின்றன. டிஸ்க்கின் மூலமே அந்த டிஸ்கஸ்தான். மூலச்சொல்லுக்கு ஏற்கெனவே வட்டு என்று பெயர் வைத்தாகிவிட்டது, அதன் பிள்ளைக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். குறுந்தகடு செய்திகளில் அதிகம் புழங்குவது. சிடியில் உள்ள 'காம்பாக்ட்' என்பதைக் குறு என்று பெயர்த்ததால் வந்தது. சிடி 1982-இல் வந்தபோது அதன் பக்கத்தில் இருந்தது 30 செ.மீ. இசைத்தட்டு. அதோடு ஒப்பிட்டால் அது குறுமைதான். பின்னால் வந்தவையும் அதே அளவில் வந்ததால் குறுமை இப்போது எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. மேலும் தகடு என்றதும் உலோகம்தான் நினைவுக்கு வரும். டிஸ்க்கின் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்ற நெகிழி. உலோகம் அதன்மேல் படிந்த மெல்லிய அலுமினியப் படலம் மட்டும்தான்.

ஈழத்தமிழில் இறுவட்டு என்பார்கள், இறுவெட்டு என்றும் எழுதுவார்கள். இறுக்கமானது என்ற பொருளில் வந்த முன்னொட்டு. வட்டு என்ற பகுதியை அவர்கள் விடாமல் பிடித்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். வெட்டு என்ற வடிவமும் கல்வெட்டை நினைவூட்டுகிறது, பள்ளங்களாகப் பதியும் பொருளுக்கு அது பொருந்தவே செய்கிறது. ஆனால் 'இறு' காம்பாக்டின் பெயர்ப்பு, 30 செ.மீ. லேசர் டிஸ்க்கை இறுவட்டு என்று கூப்பிட முடியாது. தட்டு நல்ல சொல்தான். ஆனால் இசைத்தட்டு என்றால் ஊசி வைத்துப் பாடும் கறுப்புத் தட்டு என்று ஊன்றிவிட்டது, அது அங்கேயே இருக்கட்டும். சில்லு என்பதைக் கணினிச் சிப்புகள் எடுத்துக்கொண்டன.

ஆகவே தலைச்சொல் வட்டு. வகைகளை முன்னொட்டால் பிரிக்கலாம். லேசர் ஒளியால் படிக்கப்படுவது ஒளிவட்டு. கணினிக்குள் காந்தத்தால் எழுதிப் படிப்பது, அதாவது ஹார்ட் டிஸ்க், வன்வட்டு. ஆங்கிலத்தில் டிஸ்க் என்பதன் கடைசி எழுத்து 'சி' என்றால் ஒளியால் படிப்பது, 'கே' என்றால் காந்தத்தால் படிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. காதில் இரண்டும் ஒன்றுதான். தமிழில் சொல்லும்போதே வேறுபாடு தெரிந்துவிடுகிறது. படம் பதிந்த ஒளிவட்டுக்குப் படவட்டு என்று பெயர் வைக்கலாம் என்று நினைக்கிறேன். இசைத்தட்டு அமைந்த அதே முறைதான்.

வகைப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். புளூ-ரே ஒரு வணிகப் பெயர். ஆங்கிலத்தில் நீலத்தைக் குறிக்கும் சொல்லின் கடைசி 'இ' எழுத்தை வேண்டுமென்றே விட்டு எழுதினார்கள், பொதுச்சொல்லை வணிகக் குறியாகப் பதிவுசெய்ய முடியாது என்பதால். நீலக்கதிர் வட்டு என்று எழுதினால் அழகுதான், ஆனால் அதில் எரியும் ஒளி 405 நானோமீட்டர், கண்ணுக்கு ஊதாவாகத் தெரிவது. புளூ-ரே வட்டு என்றே எழுதுவோம். டிவிடி வட்டு என்று மட்டும் எழுத வேண்டாம், கடைசி டி-யே டிஸ்க்தான்.

ஒளியின் நிறம் ஏன் முக்கியம் என்பதற்கு வட்டின் பரப்பைப் பார்க்க வேண்டும். பளபளக்கும் பக்கத்தில் நுண்ணிய பள்ளங்கள் ஒரே சுருளாக ஓடுகின்றன. இசைத்தட்டின் வரி வெளியோரத்தில் தொடங்கி உள்ளே போகும், ஒளிவட்டின் சுருள் உள்ளே தொடங்கி வெளியே வரும். ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதன் புள்ளி கூர்மையாகும், சுருளை நெருக்கிச் சுற்றலாம். சிடியின் ஒளி 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடியில் 650, சிவப்பு. சிடியில் சுருளின் அடுத்தடுத்த வரிகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74, புளூ-ரேயில் 0.32. சிடியின் சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரே வட்டில் பதிவு ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளிலும் இருக்கலாம்; அதே அகலமுள்ள புளூ-ரேயின் ஓர் அடுக்கில் சுமார் 27 கிலோமீட்டர். டிவிடியின் ஓர் அடுக்கு 4.7 ஜிபி கொள்ளும், புளூ-ரேயின் அடுக்கு 25 ஜிபி.

திரையில் இதன் பயன் நேராகத் தெரியும். 1993-இல் வந்த விசிடியில் ஒரு சட்டகத்துக்கு (ஃபிரேம்) 352-க்கு 288 புள்ளிகள், ஒரு லட்சத்துச் சொச்சம். டிவிடியில் நான்கு லட்சம், புளூ-ரேயில் 20 லட்சம், 4கே வட்டில் ஏறக்குறைய 83 லட்சம். அண்மையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை டிவிடியில் பார்த்துவிட்டு, மறுநாள் புளூ-ரேயில் அதையே மறுபடி போட்டேன். முந்தின இரவு நாயகியின் முகத்தில் வழவழப்பாகத் தெரிந்த நிழல், இப்போது மணல் தூவியது போல நுண்மணிகளாக அசைந்துகொண்டிருந்தது. அது படச்சுருளின் மணி, ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்களின் தடம். ஒளிப்பதிவாளர் எந்தப் பரப்பில் ஒளியைப் பிடித்தாரோ அந்தப் பரப்பே தெரிகிறது. டிவிடியில் படம் நடுவில் ஒரு நொடி உறைந்து நின்று போனதும் புளூ-ரேயில் இல்லை. டிவிடியில் லேசர் முதல் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்குத் தாவும் இடம் அது.

படம் ஓடும் நேரமும் மாறியிருந்தது. சினிமா ஒரு நொடிக்கு 24 சட்டகம். பிஏஎல் என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் தயாரித்த டிவிடிகள் 25 சட்டகத்துக்கு ஓடுவதால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், சரிசெய்யாமல் விட்டால் பாட்டின் சுருதியும் ஏறிவிடும். புளூ-ரே 24 சட்டகத்தை அப்படியே ஓட்டுகிறது. பாடல்களை மனப்பாடமாக அறிந்தவருக்கு இந்த வேறுபாடு முதல் அடியிலேயே காதில் படும்.

வட்டில் படத்தோடு வேறு சிலவும் வரும். படம் ஓடும்போதே அதைப் பற்றி ஒருவர் பேசும் விளக்க ஒலித்தடம் அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. 1984-இல் 'கிங் காங்' (1933) படத்தின் லேசர் டிஸ்க்கில்தான் அது முதன்முதலாக வந்தது. அதில் பேசியவர் படப் பாதுகாப்பில் பெயர்பெற்ற ரொனால்ட் ஹேவர்.

சேகரிப்பாளர்களுக்குத் தேவைப்படும் இன்னும் இரண்டு சொற்கள். ஆலையில் அச்சு வைத்து அழுத்தித் தயாரிப்பது பதித்த வட்டு. கணினியில் லேசரால் சாயத்தில் தரவை ஏற்றுவது எழுதிய வட்டு. டிவிடியைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பதித்தது வெள்ளியாகவோ பொன்னாகவோ மின்னும், எழுதியது பெரும்பாலும் ஊதாச் சாயம் காட்டும். பழைய படங்களைக் கைமாற்றாக வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இன்னொன்று, அலுமினியப் படலத்தில் காற்றும் ஈரமும் புகுந்து புள்ளி புள்ளியாகக் கெட்டுப்போவது. ஆங்கிலத்தில் அழுகல் என்கிறார்கள். நடப்பது உலோகம் ஆக்சைடு ஆவது என்பதால் வட்டு அரிப்பு என்பதே சரி. லேசர் டிஸ்க்குகளில் இது கூடுதல்; இரு பாதிகளை ஒட்டிய பசையும் காரணம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். வட்டு வன்தொடர்க் குற்றியலுகரம், ஆகவே அடுத்து வல்லினம் வந்தால் மிகும்: வட்டுப் பெட்டி, வட்டுத் தொகுப்பு, வட்டுக் கடை. பன்மையில் வட்டுகள் போதும். வேற்றுமை உருபு சேரும்போது வட்டை, வட்டுக்கு, வட்டில் என்று வரும். வட்டில் என்றால் உண்கலமும் ஆகும், ஆனால் 'இந்த வட்டில் படத்தின் முழு வடிவம் இருக்கிறது' என்று எழுதினால் யாரும் குழம்பப் போவதில்லை.